கார் பார்ட் தப்பாப் போனா ரீகால்... தொழிலாளி தோள் தப்பாப் போனா?

ஒரகடத்துல செகண்ட் ஷிப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ல ஜன்னல் ஓரமா உட்கார்ந்து போனைப் பார்த்துக்கிட்டு இருக்கீங்களா? சுங்குவார்சத்திரம் ரூம்ல பாயைப் போட்டுப் படுத்துக்கிட்டு ஸ்க்ரோல் பண்றீங்களா? ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க. இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

முதல்ல ஒண்ணு செய்யுங்க. இடது கையை மேல தூக்குங்க, காதைத் தொடுற அளவுக்கு. வலி இல்லாம வந்துச்சா? சந்தோஷம்.

எங்க ரூம்ல இருந்த ஒரு அண்ணனுக்கு ஏழு மாசம் அது வரல.

2021-ல நடந்தது. நான் பி.இ. மெக்கானிக்கல் முடிச்சு ஒரு உதிரிபாகக் கம்பெனியில ட்ரெயினியா சேர்ந்திருந்த நேரம். அண்ணன் வேற ஒரு கம்பெனியில காண்ட்ராக்ட். கார் பாடி தலைக்கு மேல தொங்கிக்கிட்டே வரும், அடியில நின்னு கன் பிடிச்சு போல்ட் முடுக்கணும். எட்டு மணி நேரமும் கை மேலதான். கம்பெனியிலேயே கொரோனா ஊசி கேம்ப் போட்டாங்க. ஊசி போட்ட மெசேஜ் காட்டினாதான் கேட்டுக்குள்ள விடுவோம்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. நீள வரிசை. அண்ணன் சேர்ல உட்கார்ந்திருந்தாரு, ஊசி போட்டவங்க நின்னுக்கிட்டே போட்டாங்க. யூனிஃபார்ம் கையை மேல வரைக்கும் மடிக்க முடியல. காலரைப் பக்கவாட்டுல இழுத்துவிட்டு, தோள் உச்சியிலேயே குத்திட்டாங்க.

அன்னிக்கு ராத்திரியே வலி. எல்லாருக்கும் வர்றதுதானேன்னு பாராசிட்டமால் போட்டுப் படுத்தாரு. மூணாவது நாள் எங்களுக்கெல்லாம் வலி போயிடுச்சு. அவருக்குப் போகல. ரெண்டு வாரத்துல சட்டை மாட்டவே இன்னொரு ஆள் வேணும்ங்கிற நிலைமை. காண்ட்ராக்டர் பத்து நாள் பார்த்தாரு. "சரியானதும் வாங்க" அப்படின்னாரு. அவ்வளவுதான், வேலை போச்சு. காட்டப் போன இடத்துல சீட்டுல "தோள் இறுக்கம்"னு எழுதிக் குடுத்தாங்க. ஊசிங்கிற வார்த்தையே அதுல இல்ல. அண்ணன் கேட்டதுக்கு, "ஊசியால இப்படியெல்லாம் வராதுப்பா"ன்னு பதில். ஆரணிப் பக்கம் சொந்த ஊருக்கே போயிட்டாரு.

வராதா? வரும். அதுக்கு மருத்துவத்துல பேரே இருக்கு. ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்து "சிர்வா"னு சொல்றாங்க. தடுப்பூசி போட்டதோடு தொடர்புடைய தோள் காயம்.

விஷயம் ரொம்ப எளிமை. தோளோட உச்சியில ஒரு எலும்பு முனை தட்டுப்படும், தடவிப் பாருங்க. அதுக்குக் கீழ, மூட்டு உரசாம இருக்க, கொஞ்சம் திரவம் உள்ள ஒரு சின்னப் பை இருக்கு. ஊசி போட வேண்டிய இடம் அந்த எலும்பு முனையில இருந்து ரெண்டு மூணு விரல் கீழ, சதைப் பிடிப்பான டெல்டாய்டு தசையில. ஊசி மேல ஏறிப் போச்சுன்னா மருந்து அந்தப் பைக்குள்ளேயோ தசைநார்லேயோ இறங்கிடும். அங்க வீக்கம் வரும், வலி வரும், தோள் இறுகும். சிலருக்கு மாசக்கணக்கா நீடிக்கும். பிசியோதெரபி, மூட்டுக்குள்ள ஸ்டீராய்டு ஊசி, சிலருக்கு ஆபரேஷன் வரைக்கும் போகும். 2010-லேயே அமெரிக்க மருத்துவர்கள் இப்படிப்பட்ட 13 பேரோட கேஸை ஆராய்ந்து கட்டுரையா வெளியிட்டாங்க. புதுசா யாரும் கண்டுபிடிக்கிற கதை கிடையாது.

குப்பியில இருந்த மருந்து சரியாத்தான் இருந்துச்சு. குத்தின இடம்தான் தப்பு.

👉 "ஓஹோ, தடுப்பூசிக்கு எதிரான பதிவா?"னு கமெண்ட்ல வர்றதுக்கு ரெடியா இருக்கிறவங்களுக்கு இப்பவே பதில்.

இல்லவே இல்ல. பெரியம்மை ஒழிஞ்சது ஊசியால. நம்ம நாட்டுல போலியோ ஒழிஞ்சது தடுப்பு மருந்தால. 2021 மே மாசம் இந்த காரிடார்ல என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? ஒரகடம் ரெனோ-நிஸான் ஆலைத் தொழிற்சங்கம், தொழிலாளர் பாதுகாப்பு கேட்டு சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போச்சு. ஸ்ரீபெரும்புதூர் ஹூண்டாய்ல தொழிலாளர்கள் போராடி, அஞ்சு நாள் உற்பத்தி நின்னுச்சு. ஊசிக்குப் பயந்து யாரும் போராடல. கொரோனாவுக்குப் பயந்து, பாதுகாப்பு கேட்டுப் போராடினாங்க. அப்புறம் ஊசி வந்ததாலதான் லைன் திரும்ப முழுசா ஓடுச்சு.

நடிகர் விவேக் அவர்கள் 2021 ஏப்ரல்ல ஊசி போட்ட ரெண்டாவது நாள் இறந்தப்போ எத்தனை வதந்தி! தேசியக் குழு ஆராய்ந்து, மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பு இல்லைன்னு சொல்லுச்சு. அதை ஏத்துக்கிறோம். அறிவியல் "இல்லை"னு சொன்னா கேட்டுக்கிற நாம, அதே அறிவியல் "ஆமா, தோள்ல இப்படி வரும்"னு சொன்னாலும் கேட்டுக்கணும் இல்லையா?

ஊசி லட்சக்கணக்கான பேரைக் காப்பாத்துது. அந்தக் கூட்டத்துல ஒருத்தருக்குக் காயம் ஆனா, அவரைத் தனியா விட்டுட்டுப் போறது எந்த ஊர் நியாயம்? இதுதான் நம்ம கேள்வி.

👉 வெளியில என்ன செய்றாங்க?

அமெரிக்காவுல 1986-ல சட்டம் போட்டு, 1988-ல இருந்து தடுப்பூசிக் காயங்களுக்கு ஒரு இழப்பீட்டுத் திட்டம் நடத்துறாங்க. பணம் எங்க இருந்து வருது? ஒரு டோஸ் ஊசி தடுக்கிற ஒவ்வொரு நோய்க்கும் 75 சென்ட் வரி. அது தனி நிதிக்குப் போகுது. எந்த ஊசிக்கு எந்தக் காயம், எத்தனை மணி நேரத்துக்குள்ள தெரியணும்னு ஒரு பட்டியல் இருக்கு. 2017 மார்ச்ல இந்தத் தோள் காயத்தையும் அதுல சேர்த்தாங்க.

நிபந்தனை என்ன தெரியுமா? ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள்ள வலி தொடங்கியிருக்கணும். அதுக்கு முன்னாடி அந்தத் தோள்ல பிரச்சினை இருந்திருக்கக் கூடாது. வலியும் அசைக்க முடியாமையும் ஊசி போட்ட தோள்ல மட்டும்தான் இருக்கணும். வேற நோய் காரணமா இருக்கக் கூடாது. பாதிப்பு ஆறு மாசத்துக்கு மேல நீடிச்சிருக்கணும், இல்லைன்னா ஆஸ்பத்திரியில சேர்ந்து ஆபரேஷன் வரைக்கும் போயிருக்கணும். இது பொருந்துச்சுன்னா, "யார் தப்பு, எந்த நர்ஸ் தப்பு"ன்னு நீங்க நிரூபிக்கத் தேவையில்ல. நியாயமான கேஸா இருந்தா, தோத்தாலும் வக்கீல் ஃபீஸை அந்த நிதியே குடுக்குது. அதுக்கப்புறம் அந்தத் திட்டத்துக்கு வந்த மனுக்கள்ல சுமார் பாதி தோள் காயம்தான்.

எங்க ரூம் அண்ணனோட கதையை அந்தப் பட்டியல்ல வெச்சுப் பாருங்க. அன்னிக்கு ராத்திரியே வலி. முன்னாடி தோள்ல ஒண்ணும் இல்ல. ஒரே தோள். ஏழு மாசம். எல்லாம் அப்படியே பொருந்துது.

அமெரிக்கா சொர்க்கம்னு சொல்ல வரல. கொரோனா ஊசியை அவங்களே இந்தத் திட்டத்துல சேர்க்காம, காசு கிடைக்கிறதே அபூர்வமான வேற ஒரு திட்டத்துல தள்ளிட்டாங்க. 2020-ல ட்ரம்ப் அரசு தோள் காயத்தைப் பட்டியல்ல இருந்தே தூக்கப் பார்த்துச்சு. "இது மருந்தால வந்த காயம் இல்ல, குத்தினவங்க தப்பு"ங்கிறது அவங்க வாதம். 2021-ல அடுத்து வந்த அரசு அந்த முடிவை ரத்து பண்ணுச்சு. பிரிட்டன்ல 1979-லேயே சட்டம் இருக்கு. ஆனா 60 சதவீதம் ஊனம் இருந்தாதான் காசு. தோள் காயத்துக்கு அங்க கதவு கிட்டத்தட்ட மூடித்தான் இருக்கு. அவங்க செஞ்ச நல்லதை எடுத்துக்குவோம், செஞ்ச தப்பையும் பார்த்துக் கத்துக்குவோம்.

👉 இங்க என்ன இருக்கு?

220 கோடி டோஸுக்கு மேல கொரோனா ஊசி போட்ட நாடு இது. உலகமே பாராட்டுச்சு. சான்றிதழ்ல பிரதமர் போட்டோ போடவும் மறக்கல. ஊசியால காயம் பட்டவருக்கு ஒரு இழப்பீட்டுச் சட்டம் மட்டும் போடல.

ஊசிக்கு அப்புறம் மகளை இழந்ததா ரெண்டு குடும்பங்கள் உச்ச நீதிமன்றம் போனாங்க. 2022 நவம்பர்ல மத்திய அரசு குடுத்த பதிலோட சாரம்: ஊசி போட்டே ஆகணும்னு சட்டப்படி கட்டாயம் இல்ல, விருப்பப்பட்டுப் போட்டது. இழப்பீடு வேணும்னா சிவில் கோர்ட்டுக்குப் போகலாம்.

விருப்பப்பட்டா?

டெல்லியில ஏசி ரூம்ல உட்கார்ந்து அந்தப் பதிலை எழுதினவர், 2021-ல ஒரு நாள் காலையில அஞ்சரை மணிக்கு ஒரகடத்துல ஏதாவது ஒரு கம்பெனி கேட்ல வந்து நின்னிருக்கணும். மெசேஜ் இல்லாதவன் என்ன ஆனான்னு பார்த்திருக்கணும். அன்னிக்குச் சம்பளம் கட். மாநில அரசும் 2021 நவம்பர்ல, 1939-ம் வருஷப் பொது சுகாதாரச் சட்டத்தைக் காட்டி, பொது இடத்துக்கு வர்றவங்க ஊசி போட்டிருக்கணும்னு அறிவிச்சுது. யாரையும் ஊசி போட வற்புறுத்த முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 2022 மே 2-ம் தேதி. அதுக்குள்ள காரிடார்ல எல்லார் தோள்லயும் ரெண்டு டோஸ் இறங்கியாச்சு.

போட வெச்சப்போ "நாட்டுக்காக". காயம் ஆனப்போ "உன் விருப்பம்". நல்லா இருக்கே நியாயம்!

சரி, சிவில் கோர்ட்டுக்கே போவோம்னு வைங்க. மாசம் பதினஞ்சாயிரம் வாங்குற காண்ட்ராக்ட் தொழிலாளி, எந்த நர்ஸ், எந்தக் கோணத்துல, எத்தனை சென்டிமீட்டர் மேல குத்தினாங்கன்னு நிரூபிக்கணும். எம்.ஆர்.ஐ. எடுக்கவே ஒரு வாரச் சம்பளத்துக்கு மேல ஆகும். வக்கீல், வாய்தா, லீவு. எத்தனை வருஷம்?

நுகர்வோர் கோர்ட்? இங்கதான் வேடிக்கை. 1995-ல சாந்தா வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னபடி, எல்லாருக்கும் இலவசமா தர்ற மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள்ள வராது. அப்போ, தனியார் ஆஸ்பத்திரியில காசு குடுத்து ஊசி போட்டவருக்கு ஒரு வழி இருக்கு. அரசு கேம்ப்ல வரிசையில நின்னு இலவசமா போட்டுக்கிட்ட உங்களுக்கு அந்த வழியும் இல்ல. பணம் இருக்கிறவன் தோளுக்கு ஒரு சட்டம், ஏழை தோளுக்கு ஒரு சட்டமா?

இன்னொண்ணு. புது மருந்து சோதனையில கலந்துக்கிறவருக்குக் காயம் ஆனா இழப்பீடு தரணும்னு 2019-ம் வருஷ விதிகள்ல கணக்குச் சூத்திரமே இருக்கு. சோதனை முடிஞ்சு அதே ஊசி கோடிக்கணக்கான பேருக்குப் போகும்போது அந்தப் பாதுகாப்பு காணாமப் போயிடுது. சோதனைக் காலத்துலயும் கேட்கிறவனை எப்படி நடத்தினாங்க? 2020 நவம்பர்ல, கோவிஷீல்டு சோதனையில கலந்துக்கிட்ட சென்னைக்காரர் ஒருத்தர், நரம்பு சம்பந்தமா தனக்குக் கடுமையான பாதிப்பு வந்துச்சுன்னு அஞ்சு கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் அனுப்பினாரு. அதுக்கு ஊசி காரணமா இல்லையாங்கிறது தனி விவாதம். கம்பெனி மறுத்துச்சு. மறுக்கிறது அவங்க உரிமை. ஆனா கூடவே, நூறு கோடிக்கு மேல மான நஷ்டம் கேட்போம்னும் சொல்லுச்சு. கேள்வி கேட்டவருக்கே இந்தக் கதின்னா, நம்ம அண்ணன் எப்படி வாயைத் திறப்பாரு?

2022-ல கேரள உயர் நீதிமன்றம், ஊசிக்குப் பிறகு இறந்தவங்க குடும்பத்துக்கு இழப்பீடு தர வழிகாட்டுதல் வகுங்கன்னு தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு உத்தரவு போட்டுச்சு. மத்திய அரசு என்ன செஞ்சுது? அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போச்சு. குடுக்குறதுக்கு நேரம் இல்ல, தடுக்குறதுக்கு வக்கீல் ரெடி.

👉 "தப்பை நிரூபிக்காம காசு குடுக்கிறது நம்ம நாட்டுக்குச் சரிவராது"னு சொல்றவங்களுக்கு

வெள்ளைக்காரன் ஆட்சியில, 1923-லேயே தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தாச்சு. மெஷின்ல விரல் போச்சுன்னா முதலாளி தப்பான்னு கேட்காம இழப்பீடு. 1982-ல மோட்டார் வாகனச் சட்டத்துல, யார் தப்புன்னு பார்க்காம உடனடி நிவாரணம் சேர்த்தாங்க. போபாலுக்கு அப்புறம், 1991-ல ஆபத்தான ரசாயன விபத்துகளுக்கு அதே மாதிரி சட்டம். 2005-ல உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்ல மரணமோ சிக்கலோ தோல்வியோ வந்தா அரசே பணம் தர்ற திட்டம் வந்துச்சு.

கடைசியா சொன்னதைக் கவனிங்க. அரசு கேம்ப் போட்டு, நாட்டுக்காக வாங்கன்னு கூப்பிட்டு, உடம்புல கை வெச்சா, பொறுப்பும் அரசோடதுதான்னு ஏற்கெனவே ஒத்துக்கிட்டாச்சு. ஆபரேஷனுக்கு ஒத்துக்கிட்டது ஊசிக்கு மட்டும் ஏன் கசக்குது?

நம்ம வேலை பார்க்கிற இடத்துக்கே வாங்க. ஒரு ஏர்பேக், ஒரு பிரேக் பார்ட்ல கோளாறுன்னா கம்பெனி ரீகால் பண்ணுது. கஸ்டமர் கிட்ட "எந்த ஆபரேட்டர், எந்த ஷிப்ட்ல தப்பு பண்ணான்னு நிரூபிச்சுட்டு வா"ன்னு சொல்லுதா? இலவசமா மாத்திக் குடுக்குது. 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துல ரீகாலுக்குன்னு தனிப் பிரிவே போட்டாங்க. பத்து லட்சத்துல எத்தனை பீஸ் தப்புன்னு பி.பி.எம். கணக்கு வெச்சு மீட்டிங் போடுறோம். காருக்கு இவ்வளவு செய்ற நாட்டுல, அந்தக் காரைச் செய்ற தோளுக்கு ஒண்ணும் இல்ல.

👉 "காசு எங்க இருக்கு?"

கணக்கு நான் போடுறேன். ஒரு டோஸுக்கு ஒரே ஒரு ரூபாய் ஒதுக்கியிருந்தா, 220 கோடி டோஸுக்கு 220 கோடி ரூபாய் நிதி இருந்திருக்கும். 2021 ஜூன்ல தனியார் ஆஸ்பத்திரியில கோவிஷீல்டுக்கு அரசே நிர்ணயிச்ச உச்ச விலை 780 ரூபாய், கோவாக்சினுக்கு 1,410 ரூபாய். அதுல ஒரு ரூபாய் எடுக்க மனசு வரலையா?

👉 "எல்லாரும் தோள் வலின்னு கிளம்பிடுவாங்களே?"

அதுக்குத்தான் பட்டியல், 48 மணி நேரம், ஆறு மாசம், ஸ்கேன். பொய்யை வடிகட்ட வழி இருக்கு. பொய் வரும்னு பயந்து நிஜத்தைக் கைவிடுறதுன்னா, ஈஎஸ்ஐ-யையும் இன்சூரன்ஸையும் இன்னிக்கே மூடிடணும்.

👉 "அப்போ நர்ஸ் மேல கேஸ் போடச் சொல்றீங்களா?"

இல்ல. ஞாயித்துக்கிழமை மெகா கேம்ப்ல, சாப்பிடக்கூட நேரமில்லாம நின்னு போட்ட அந்த அக்காக்களோட நமக்குச் சண்டை கிடையாது. தப்பை நிரூபிச்சாதான் காசுன்னு சட்டம் இருக்கிற வரைக்கும், கேஸ் அவங்க மேலதான் விழும். அதனால அவங்களும் காயத்தை எழுத மாட்டாங்க, மறைப்பாங்க. தப்பு கேட்காத இழப்பீடு வந்தா, அவங்களும் பயம் இல்லாம உண்மையை எழுதுவாங்க. அடுத்த கேம்ப்ல அந்தத் தப்பு குறையும்.

"கொரோனாதான் முடிஞ்சு போச்சே"ன்னு நினைக்காதீங்க. கையில கீறல் பட்டா முதலுதவி ரூம்ல டி.டி. ஊசி. கேன்டீன்ல வேலை பார்க்கிற அக்காவுக்கு டைபாய்டு ஊசி. எல்லாம் அதே தோள்லதான் இறங்குது.

நாம கேட்கிறது இவ்வளவுதான்:

1. தடுப்பூசிக் காயத்துக்குத் தப்பு கேட்காத இழப்பீட்டுச் சட்டம். காயப் பட்டியல்ல தோள் காயமும் இருக்கணும். பிரிட்டன் மாதிரி 60 சதவீத ஊனம்னு கதவை அடைக்கக் கூடாது.

2. கம்பெனி ஏற்பாடு பண்ற கேம்ப்ல வர்ற காயம் வேலைக் காயம்தான்னு ஈஎஸ்ஐ எழுத்துல அறிவிக்கணும். சாதாரண நோய்னு எழுதினா 70 சதவீதச் சம்பளம், 91 நாளோட முடிஞ்சுது. வேலைக் காயம்னா, வேலைக்குப் போக முடியாத காலம் முழுக்க 90 சதவீதம். சீட்டுல எழுதுற ஒரு வார்த்தையில ஒரு குடும்பத்தோட சோறு இருக்கு.

3. காண்ட்ராக்ட், ட்ரெயினி, அப்ரண்டிஸ், வடமாநிலத் தொழிலாளி எல்லாருக்கும் இது பொருந்தணும். சிகிச்சைக் காலத்துல வேலையை விட்டுத் தூக்கக் கூடாது.

4. கேம்ப் நடத்துறவங்களுக்கு: போடுறவரும் போட்டுக்கிறவரும் ஒரே உயரத்துல உட்காரணும். காலரை இழுக்காதீங்க, சட்டையைக் கழட்டச் சொல்லுங்க. எலும்பு முனையில இருந்து விரல் வெச்சு அளங்க. எந்தக் கைன்னு சீட்டுல எழுதுங்க. இதுக்குப் பைசா செலவு இல்ல.

சட்டம் வர்ற வரைக்கும் நீங்க செய்ய வேண்டியது:

ஊசி போட்ட தோள்ல ரெண்டு மூணு நாளுக்கு மேல வலி நின்னா, கை தூக்க முடியலைன்னா, பொறுத்துக்கிட்டு லைன்ல நிக்காதீங்க. அந்த வாரமே டாக்டர்கிட்ட போங்க. "இன்ன தேதி, இன்ன கையில ஊசி போட்டேன், அதுக்கப்புறம் வலி"னு சீட்டுல எழுதச் சொல்லுங்க. கெஞ்சாதீங்க, கேளுங்க, அது உங்க உரிமை. தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்பா பதிவு செய்யச் சொல்லி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலர்கிட்ட எழுதிக் குடுங்க, ஒரு நகல்ல சீல் வாங்கிக்கங்க. தனி நபரும் பாதிப்பைப் பதிவு செய்ய வழி பண்ணணும்னு 2022 மே தீர்ப்புலயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. ஊசிச் சான்றிதழ், ஓ.பி. சீட்டு, ஸ்கேன், லீவு எழுதின தாள் எதையும் தூக்கிப் போடாதீங்க. காசு குடுத்துத் தனியார்ல போட்டதா இருந்தா, நுகர்வோர் ஆணையத்துக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள போயிடணும்.

எங்க ரூம் அண்ணன்கிட்ட இதுல ஒரு தாள்கூட இல்ல. "யாருடா தம்பி இதையெல்லாம் கேட்கப் போறா"ன்னு ஊருக்குப் போற அன்னிக்கு எல்லாத்தையும் ரூம்லயே விட்டுட்டுப் போனாரு. பை மாட்டக்கூட வலது தோள்தான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இன்னொரு பையை நான்தான் தூக்கிட்டுப் போனேன்.

நாம கேட்போம் அண்ணே.

நாட்டுக்காகத் தோள் குடுத்தவனுக்கு நாடு தோள் குடுக்கணும். சலுகையா கேட்கல, கணக்கு கேட்கிறோம்.

உங்க ரூம்ல, உங்க லைன்ல, உங்க பஸ்ல இப்படி ஒருத்தர் இருந்தா இந்தப் பதிவை அவருக்கு அனுப்புங்க. உங்களுக்கே நடந்திருந்தா கமெண்ட்ல பேர் போட வேண்டாம், கம்பெனி பேரும் வேண்டாம். இன்பாக்ஸ்ல வாங்க, பேசுவோம்.

பகிருங்கள். ஒவ்வொரு கேட் வரைக்கும் போகட்டும்.

#தோளுக்கு_நீதி #ஊசிக்காயத்துக்கு_இழப்பீடு #ஒரகடம் #ஸ்ரீபெரும்புதூர்

— தகவல் தொழில்நுட்ப அணி, ஸ்ரீபெரும்புதூர்